மஞ்சள் கட்டம்

— இதோட மூணு தடவை ஆச்சு வீரையண்ணே. என்னத்தச் சொல்ல, நானும் எத்தனை வாட்டிதான் இந்த கேமராவைப் பிரிச்சுக் கோக்குறது?

— கோச்சுக்காதீங்க ஜெக்கரியா பாய். நாலு பத்துக்கு வேதாரண்யம் பஸ்ஸை எடுக்கணும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை பாத்துடுங்க.

— காலையிலேருந்து பதினாறு போனுக்கு கிளாஸ் ஒட்டியிருக்கேன். கழுத்து நிமிர மாட்டேங்குது. சரி, குடுங்க. என்ன செய்யுதுன்னு மறுபடியும் சொல்லுங்க.

— அதேதான் பாய். கண்ணு வச்சுப் பாக்குற எடத்துல, நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் இருக்குல்ல. அதுக்குள்ள ஆளு ரெண்டாத் தெரியுறாங்க. வளையத்தைத் திருப்பத் திருப்ப ரெண்டும் கிட்ட வருது. ஆனா ஒண்ணாச் சேர மாட்டேங்குது. சேந்தாத்தான் படம் தெளிவா விழும்னு நீங்கதானே சொன்னீங்க.

— சொன்னேன். அம்பது வருஷத்துக் கேமரா அண்ணே இது. எங்க மச்சான் சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது. வேற யாரு கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். அன்னிக்கு வாங்கிட்டுப் போனப்ப உங்க மூஞ்சியைப் பாக்கணுமே.

— அதை ஏன் கேக்குறீங்க. துண்டைச் சுத்தி சாப்பாட்டுப் பையில வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பைக்குள்ள கையை விட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன். சில்லுனு, கனமா இருக்கும். பிலிம் போடாமலே நூறு தடவை அழுத்தியிருப்பேன், நெசமா. டிக்குனு மெல்லிசா ஒரு சத்தம். அதைக் கேட்டா நாள் பூரா ஓட்டுன அலுப்பு கொஞ்சம் எறங்கும்.

— எல்லாரும் போன்லயே எடுத்துத் தள்ளுறாங்க. உங்களுக்கு மட்டும் இந்த ஆசை எங்கேருந்து வந்துச்சு?

— இருவது வருஷம் முன்னாடி, அலையாத்திக் காட்டைப் படம் புடிக்க ஒருத்தர் வருவாரு. நம்ம வண்டிதான், முன் சீட்டுதான். அவர்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ரயில்வே கேட்டுல நின்னப்ப, பாருங்க டிரைவரேன்னு கையில குடுத்துட்டாரு. எதுத்த வயல்ல நடவு. ஒரு பொம்பளை கட்டத்துக்குள்ள ரெண்டாத் தெரிஞ்சாங்க. மெதுவாத் திருப்புனேன். ஒண்ணு மேல ஒண்ணு போய் உக்காந்துச்சு பாய். அந்த நிமிஷம் மனசுல ஒரு கவலை இல்ல. கேட்டைத் தெறந்துட்டான், பின்னாடி ஹாரன் அடிக்கிறான், எனக்குத் திருப்பிக் குடுக்க மனசே வரல.

— ம். இங்க பாருங்க, எதுத்த மெடிக்கல் போர்டை வச்சுப் பாக்குறேன். சேருது. பள்ளிவாசல் மினாராவைப் பாக்குறேன். அதுவும் சேருது.

— எனக்குச் சேரலையே.

— கழுவுன படத்தைக் கொண்டாங்கன்னு போன தடவை சொல்லியிருந்தேனே.

— தஞ்சாவூர்ல குடுத்துக் கழுவிட்டேன். இந்தாங்க.

— வயலு, வாய்க்கா, பனமரம். தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத்தானே விழுந்திருக்கு?

— அதுக்கு வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சாப் போதும், கட்டத்தைப் பாக்கவே வேணாம். கிட்டத்துல எடுத்ததைப் பாருங்க.

— இது யாரு?

— அம்சவல்லி. என் சம்சாரம். மக பூவிழி வளைகாப்புக்கு எடுத்த பச்சைச் சேலையைத் தேடிக் கட்டிக்கிட்டு நின்னா. பதினோரு படம் பாய். ஒண்ணுலயும் மூஞ்சி இல்ல. போவுது, சேலைக் கலராவது விழுந்துச்சேன்னு அவ சொன்னா. எனக்குத்தான் தாங்கல.

— எந்தக் கண்ணுல வச்சுண்ணே பாக்குறீங்க?

— வலது கண்ணுலதான்.

— கேமராவை ஸ்டாண்டுல வச்சு, போர்டைச் சேத்து நிறுத்தியிருக்கேன். வளையத்தைத் தொடாம பாருங்க. எப்படித் தெரியுது?

— ரெண்டா. ஓரமெல்லாம் பொகை மாதிரி.

— ராத்திரி எதிர வர்ற வண்டி லைட்டு?

— அது எல்லாருக்கும் கூசத்தானே செய்யும்.

— உங்களுக்கு எப்படிக் கூசுது?

— விரிச்ச கொடை மாதிரி. பாதி ரோட்டை மூடிடும்.

— போன வருஷம் டெப்போவுல கண்ணு பாத்தாங்களாண்ணே?

— பாத்தாங்க. சுவத்துல எழுத்துப் பலகை மாட்டியிருப்பாங்கள்ல, நான் சேந்த நாள்லேருந்து அதே பலகை. கண்ணை மூடிக்கிட்டே ஒப்பிச்சிடுவேன்.

— அல்லாவே. இது வெளையாட்டாண்ணே?

— வெளையாடுற தெம்பு எங்க பாய் இருக்கு.

— அண்ணே, இங்கயா இருக்கீங்க? டைம் ஆச்சு. சீட்டெல்லாம் நெறஞ்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படியில நிக்குதுங்க.

— வரேன் இனியவா. கண்டக்டரா சேந்த நாள்லேருந்து உனக்கு அவசரந்தான். போய் டிக்கெட்டைப் போடு.

— போட்டாச்சுண்ணே. நீங்கதான் பாக்கி.

— இனியவன் தம்பி, நில்லுங்க. இப்ப சமீபத்துல வண்டியில ஏதாவது ஆச்சா?

— ஒண்ணும் ஆகல பாய். போன வாரம் தகட்டூர்கிட்ட, ரெண்டு சைக்கிள் வருதுன்னு அண்ணன் வண்டியை வாய்க்கா ஓரம் ஒடிச்சிட்டாரு. பாத்தா ஒரு சைக்கிள்தான். டூட்டி மேல டூட்டி பாத்தா அப்படித்தான் ஆவும். அலுப்பு.

— அலுப்பு இல்ல தம்பி, எனக்குத் தெரிஞ்சு கண்ணுல பொரை விழுந்திருக்கு. எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. அண்ணே, சின்ன ஆபரேஷன்தான். டாக்டர்கிட்ட காட்டிட்டா மறுபடியும் ஓட்டலாம்.

— ஓட்ட விடுவாங்களா? எனக்கு இன்னும் பதினாலு மாச சர்வீஸ் இருக்கு. டெப்போ பெஞ்சுல உக்கார வச்சுடுவாங்க. எங்க வூட்ல அடுத்தவன் வயல் சேத்துல எறங்காம சம்பாரிச்ச மொத ஆளு நான். ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க. பயமா இருக்கு பாய்.

— என்னத்தச் சொல்ல. சரி, என் பேச்சுல நம்பிக்கை வரலன்னா, இடது கண்ணுல ஒரு தடவை பாத்துடுங்க. அதுலயும் சேரலன்னா கேமராவுலதான் கோளாறுன்னு நானே ஒத்துக்கிடுறேன்.

— சேரும்.

— பாக்காமலே சொல்றீங்களேண்ணே.

— இனியவா, புள்ளைங்களை எறங்கச் சொல்லு. டெப்போவுக்குப் போனைப் போட்டு வேற டிரைவரைக் கேளு.

— என்னண்ணே திடீர்னு? கேமரா சரியில்லன்னுதானே வந்தீங்க?

— கேமரா நல்லாத்தான் இருக்கு தம்பி. வாங்குன மறுநாளே இடது கண்ணுல வச்சுப் பாத்துட்டேன், சேந்துச்சு. கோளாறு கேமராவுலதான்னு பாய் வாயால ஒரு வார்த்தை வந்துடாதான்னுதான் இதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்.