ருய்லி ஆற்றில் ஐந்து விரல்

குண்டு வருகிறது. முதலில் ஊளை. இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஆறு எழும்பி முகத்தில் அறைகிறது.

வெள்ளிக்கிழமை. காலை ஆறு பத்து. நெஞ்சளவு தண்ணீரில் நடக்கிறேன். பின்னால் பர்மா. மூசே நகரம் எரிகிறது. பாலத்தை மூடிவிட்டார்கள். முன்னால் சீனா. ருய்லி. கூப்பிடு தூரம். என் கையில் செல்வம் அண்ணன் கை. என்னைப் போல் பர்மாத் தமிழர். கல் வியாபாரக் கூட்டாளி. நீச்சல் தெரியாதவர். "நான் இழுத்துப் போகிறேன்" என்று பீற்றிக்கொண்டவன் நான். குளத்தில் பழகிய நீச்சல்.

"தலையக் குனிடா!"

அவர் குரல். அதுதான் கடைசி.

எல்லையில் வேலி வருமுன் அங்கே கோழிக்குக்கூட இரண்டு நாடு. பர்மாவில் மேயும். சீனாவில் முட்டையிடும். நாங்களும் அப்படித்தான். விடிந்தால் பாலம் தாண்டி ருய்லிச் சந்தை. அறுக்காத பச்சைக்கல், ஜேட். உள்ளே பச்சையா, வெறும் பாறையா, ஆண்டவனுக்கே தெரியாது. விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கைகோத்து விரல்களை அழுத்துவோம். ஐந்து. நான்கு. மூன்று. கையை உருவினால் பேரம் முறிந்தது. பேரத்தில் நான் மடையன். அதனால் சந்தையில் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்.

மணி ஆறு பன்னிரண்டு. இரண்டாவது குண்டு. காது அடைத்துவிட்டது. என் கையில் அவர் பிடி. ஐந்து விரல். பிறகு நான்கு. இந்த நேரத்திலும் மனுஷன் விலை பேசுகிறார் என்று நினைத்தேன். சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். விடுவேனா? ஐந்து என்று அழுத்தினேன். அவர் மூன்று. நான் ஐந்து. அவர் இரண்டு. திரும்பிப் பார்க்கவில்லை. விலையை இறக்குகிறவன் முகத்தைப் பார்க்காதே என்பது அவரே சொல்லித்தந்தது.

கை உருவியது. திரும்பினேன். தண்ணீர் சிவப்பு.

இப்போது கனடா, மொன்றியல். பியர்பொன்ட்ஸ் புறநகர். கோடையில் வாணவெடி கேட்டால் கட்டிலுக்கடியில் கிடக்கிறேன். பக்கத்து வீட்டுக் குகன் அண்ணை யாழ்ப்பாணத்தவர். அவர் தன் கட்டிலுக்கடியில். மறுநாள் வேலியோரம் வந்து, யார் முதலில் வெளியே வந்தது என்று விசாரிப்பார். போன கிழமை சிரிக்காமல் சொன்னார்:

"உம்மட சண்டையை எழுதி வையும். பேந்து அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுவாங்கள்."

எழுதிவிட்டேன். நடந்தது.

போனவை: மூசேயில் ஒரு வீடு. ஒரு மூட்டைக் கல், அறுத்துப் பார்க்காதது. விலை பேசும் துண்டு. என் இடது காது.

போனவர்: செல்வம் அண்ணன். வயது ஐம்பத்திரண்டு. உடல் கிடைக்கவில்லை.

ஆற்றில் இறங்கியவர்கள் இருவர். ருய்லிக் கரை ஏறியவன் ஒருவன், ஐந்து விரலையும் அழுத்தியபடி.