பாஸ்வேர்ட் கேட்ட போறணை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பேக்கரிக்காரர், பாண் ரொட்டி சுடும் தன் புது மின்சார அடுப்பைப் பற்றிச் சொன்னார்: "எண்ட போறணை பாஸ்வேர்ட் கேக்குது."

அவருக்குப் பக்கத்தில், மடியில் ஸ்பானர் பையோடு இருந்த மெக்கானிக், அண்ணனை அழைப்பதுபோல் 'காக்கா' என்று அழைத்துச் சொன்னார்: "பழுதான சாமான நான் மாத்திட்டன் காக்கா. ஆனா கம்பனிக்காரன் பாஸ்வேர்ட் அடிச்சாத்தான் அது சூடாகும்."

"கம்பனியோட கதைச்சியா?"

"ஓம். வெளியாள் கைவெச்ச மெசினாம். தரமாட்டாங்களாம்."

பேக்கரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"இண்டைக்கும் விடியச் சுபஹுத் தொழுதிட்டுக் கடையத் திறந்தன். வேற கடைப் பாண வாங்கி அடுக்கியிருக்கன். வாற ஆக்கள் அதப் பாக்காங்களே இல்ல. வாசல்ல நிண்டு மூக்க இழுத்து மணம் புடிச்சிட்டு, 'இன்னும் பாண் போடல்லியா காக்கா?' எண்டு கேக்காங்க. நானும் அவங்களோட நிண்டு மூக்க இழுத்துப் பாக்கன்."