பூவரசம் முண்டும் பொடி டப்பியும்

— வரிசையா வரட்டும். இதுவரிக்கும் எழுதினத படிக்கிறேன். "சேக்காடு, 1934, மார்கழி 8. கோலாரில் இருக்கும் அண்ணன் ஜெயராமனுக்குத் தங்கை பூங்காவனம் எழுதிக்கொண்டது. ஆஜர் மூவர். கயிற்றுக் கட்டிலில் கிழக்கு முகமாக என் வீட்டுக்காரர்." பேரை எழுதிகீறேன், வாயால சொல்ல மாட்டேன்.

— திருவேங்கடம். நான் சொல்றேன், நீ மேல படி தங்கச்சி.

— "உரல் மேல் ஆசாரி வேம்புலி. கதவோரம் தரையில் நான். நடுவில், அப்பா நட்டு வளர்த்து, போன மாதக் காற்றில் சாய்ந்த பூவரசில் புடைத்திருந்த முண்டு, தண்ணீர்க் குடம் அளவு."

— உரல் மேல குந்தினத கோலார் வரிக்கும் சொல்லணுமா?

— எறங்கு ஆசாரியாரே, மணை மேலன்னு மாத்திடறேன்.

— தோ பார், ஒரு கட்டைக்கு இம்மாம் பெரிய பஞ்சாயத்தா?

— மரம் எங்கண்ணன் பாகம்யா. மூணு பேரும் ஒரே முடிவா எழுதினாத்தான் உளி வெக்கணும்னு சொல்லிகீறாரு. மேல கேளு. "வீட்டுக்காரர், தலைக்கு வைத்துப் படுக்க ஒரு கட்டை வேண்டும் என்றார். முண்டில் தலை வைத்தால் புத்தி புரளும், பாரிவாக்கத்தில் ஒருவர் அப்படிப் படுத்து எழுந்து மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று ஆசாரி சொன்னார். வீட்டுக்காரர் கட்டையைக் கைவிட்டார். ஊறுகாய் போட்டு வைக்க ஒரு மரவை குடைந்து தரும்படி நான் கேட்டேன். முண்டைக் குடைந்தால் பிளந்துவிடும் என்று ஆசாரி மூன்று தரம் சொன்னார்."

— நாலு தரம். ஒரு நாரு இப்பிடி ஓடும், ஒரு நாரு அப்பிடி ஓடும். எங்கப்பனே தொட மாட்டாரு.

— எங்கம்மா மரவை அண்ணி ஊட்டுக்குப் போயிடிச்சி. அப்பா வெச்ச மரத்துல எனக்குன்னு ஒண்ணு. வேற ஒண்ணும் நான் கேக்கல.

— பொளக்கற பொருளுக்கு ஆசப்பட்டா ஆவுமா தங்கச்சி? கட்டில்ல குந்திகீற அண்ணாத்தைக்கு ஒரு பொடி டப்பி பண்ணிடலாம். நாலு பேர் நடுவுல தொறந்தார்னா, எவனும் பொடி கேக்க மாட்டான், டப்பியத்தான் பாத்துகினு இருப்பான்.

— தோ பார், அது நல்லா கீது. பொடியும் மிச்சம்.

— கொடம் அளவு மரத்துல எலுமிச்சங்கா அளவு டப்பி. மீதி?

— வேலை போக மீதி ஆசாரிக்கு. எங்க தாத்தா காலத்து வழக்கம். நான் இன்னா பண்ணப்போறேன், அடுப்புலதான் வெக்கணும்.

— செரி, எழுதிட்டேன். "பொடி டப்பி ஒன்று செய்ய மூவரும் ஒப்புக்கொண்டோம்." ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க.

— தோ பார், நான் பேரை எழுத்துக் கூட்டறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். ஆசாரி மாதிரி எனக்கும் கைநாட்டே போதும்.

— அதுக்குக் கீழ ரெண்டு வரி கீதே, படிக்கலியே தங்கச்சி?

— அண்ணிக்கிட்ட சொகம் விசாரிச்சிகீறேன். அதையும் கேக்கறியா?

— பொம்பளைங்க சமாச்சாரம் நமக்கு எதுக்கு. தோ, கட்ட விரல்.

— சோத்துப் பருக்கை வெச்சி ஒறைய ஒட்டிட்டேன். அதோ தபால்காரர் துலுக்கானம், பையோட தெருமுனையத் தாண்டறாரு பாரு.

— குடு, நான் ஓடறேன். துலுக்கானம், நில்லு நைனா. இந்தா, கோலாருக்கு. வழியில எங்கியும் குந்திக்காதே... குடுத்துட்டேன் தங்கச்சி, ரயிலடிக்குப் பறந்துட்டாரு. இனிமே மாத்த முடியாது.

— முடியாதுல்ல? அப்ப அந்த ரெண்டு வரிய சொல்லிடறேன். "பொடி டப்பி, கூலியாக ஆசாரிக்கு. மீதி மரம் முழுவதையும் மரவையாகக் குடைந்து எனக்குத் தர ஆசாரி சம்மதித்துக் கைநாட்டு வைத்தார்."

— தோ பார், அப்ப எனக்கு?

— ஊறுகா.

— அடுக்குமா தங்கச்சி? கொடைஞ்சா பொளந்துக்கும்னு தலையால அடிச்சிகினேனே.

— அடிச்சிகினே. உம் பொண்ணு சொர்ணம் காத்தால கெணத்தாண்ட வேற மாதிரி சொல்லிச்சி. அந்த முண்டுல அவ கண்ணாலத்துக்கு நீ மரவை கொடையப்போறியாம், நூறு வருசம் ஆனாலும் பொளக்காதாம்.