தூங்கச் சொன்ன குரல்: வழித்தட மேசை அக்காவுக்கு ஓட்டுநர்கள் வாசித்தளிக்கும் மடல்

முப்பத்தோர் ஆண்டுகள், முதல் மாடியின் மூலை அறையில், மூன்று தொலைபேசிகளுக்கும் ஒரு மின்விசிறிக்கும் நடுவே அமர்ந்து, எழுபது லாரிகளையும் அவற்றை ஓட்டும் எழுபது பிடிவாதங்களையும் ஏற்றம் இறக்கம் பார்த்து இயக்கிய, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்கா அவர்களே, வணக்கம்.

வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பதுதான் வழித்தட மேசையின் வேலை என்று புதிதாய் வந்தவர்கள் எண்ணுவார்கள். தாங்களோ ஓட்டுகிறவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டீர்கள். சரக்கு குலுங்கி அமர்ந்ததும் கயிறு தளரும், ஆகவே புறப்பட்ட அரைமணியில் இறங்கி இழுத்துப் பார். மேட்டில் ஏறிய கியரிலேயே சரிவிலும் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. மதியச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்து. பாட்டும் ஜன்னல் காற்றும் தூக்கத்தைத் தள்ளிப்போடும், போக்காது. இவற்றைத் தாங்கள் சொல்லாத நாள் இல்லை. நாங்கள் எத்தனை நாள் கேட்டோம் என்பதை இச்சபையில் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

பண்புகளை அடுக்குவது மடல்களின் வழக்கம். நாங்கள் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறோம். உரியவரின் அனுமதி பெற்றுவிட்டோம்.

எங்களில் ஒருவரை எல்லோரும் ரேடியோ என்போம். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. மாலை நான்கு மணிக்கு உள்ளே அழைத்துப்போவோம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் முகத்தையாவது காட்டிவிட வேண்டும் என்று, சரக்கை இறக்கிய கையோடு, இரண்டு நாளாகச் சரியாக உறங்காத கண்ணோடு, காலி லாரியைத் திருப்பினார். பிற்பகல் இரண்டு மணி. நேரான சாலை, கொளுத்தும் வெயில், எதிரில் ஈ காக்கை இல்லை. தாங்கள் அழைத்தபோது, வண்டியில் பொருத்திய போனில் "ம்" என்றார். அடுத்த கேள்விக்கும் "ம்" என்றார். ரேடியோ ஒற்றை எழுத்தில் பதில் சொன்னதே தங்களுக்குப் போதுமாயிற்று.

"தம்பி, கடைசியா என்ன போர்டு பாத்தீங்க?"

"என்ன போர்டுக்கா?"

"ரோட்டோரம் ஊர்ப்பேர் போட்டிருக்குமில்ல, அது."

அவர் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடச் சாலை அப்படியே நினைவில் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. அந்த நேரம் வண்டியை ஓட்டியது யார் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன்க்கா. இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. அவ உள்ள போறதுக்குள்ள போயிடுவேன்."

"போயிடுவீங்க. எங்கன்னுதான் தெரியல. அடுத்து வர்ற பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டுங்க. நல்லாத் தூங்கி, மூஞ்சி கழுவி, வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்துட்டு எடுங்க. நிறுத்தற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

ரேடியோ வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தங்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே நிறுத்தினார். அரைமணி என்று கண்ணை மூடியவர் எழுந்தபோது ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. மருத்துவமனையில் அவர் கண்டது காலிக் கட்டிலை. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மனைவி கண் விழித்ததும், "வழியில டயர் பஞ்சர்" என்றார். தூங்கிவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை.

அதன்பின் நாற்பது நாள் தங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றன்று மாலை வீடு திரும்பும்படி பக்கத்து ஊர் லோடுகளாகப் பார்த்து அவருக்குக் கொடுத்தீர்கள். அதையும் தண்டனை என்றே எடுத்துக்கொண்டார். ஒரு காலை வீட்டில் தங்களை வைது தீர்த்துக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னார்:

"அவங்களை ஏன் திட்டறீங்க? பஞ்சர் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மூணு மணிக்கு போன் பண்ணாங்க. 'ஓரங்கட்டித் தூங்கறார்மா, எழுப்பட்டுமா'ன்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன். அதுக்கப்புறம்தான் பயமில்லாம உள்ள போனேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"பஞ்சர்னு சொன்னப்ப உங்க முகத்தைப் பாத்தேன். கேக்கத் தோணல."

மறுநாள் அவர் தங்கள் அறைவாசலில் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. சாலையை மறித்துப் படுத்திருந்த ஒரு கழுதையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். தாங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றீர்கள்.

நாளை முதல் தங்கள் நாற்காலியில் அமரப்போகிறவர் அவரே. சென்ற வாரம் பொறுப்பை வாங்கிக்கொள்ளும்போது, இந்த வேலையில் எது கஷ்டம் என்று கேட்டாராம். தாங்கள் சொன்னது இது: "திட்டு வாங்கறதுதான் தம்பி. வாங்கிக்கோங்க. திட்டற வரைக்கும் முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

முழங்கால் வலி விலகி, கண்ணொளி மங்காமல், யாருடைய வண்டியையும் எண்ணிக் கவலைப்படாத காலைகளைத் தாங்கள் நெடுங்காலம் துய்க்க வேண்டும் என வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
பத்திரமாக வீடு வந்து சேர்ந்த
நெடுந்தூர ஓட்டுநர்கள், பணிமனைத் தொழிலாளர்கள், அலுவலகப் பணியாளர்கள்