ஏழாவது வெடி

— அப்ப நான் நாளைக்கு ஜட்ஜுக்கு முன்னாலை என்னத்தைச் சொல்லுறது, ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை? என்ரை மனுசன் நுளம்பு கடிச்சுச் செத்தவர் எண்டோ?

— கோவிக்காதை சிவகௌரி. முதல்லை தேத்தண்ணியைக் குடி. என்ரை மனுசி தவநாயகி உனக்கெண்டு போட்டு வைச்சிட்டுத்தான் மனோர் பார்க் கோயிலுக்குப் போனவ. சரி, இமிகிரேசன்காரர் என்ன எழுதியிருக்கிறாங்கள்?

— ராஜேந்திரன்ரை உடம்பிலை இருந்து எடுத்த ஆறு துவக்குச் சன்னமும் பொயின்ற் ருவென்ரி ரூவாம். ஆமி, பொலிசின்ரை சன்னம் அதிலும் பெரிசாம். அதாலை இது ஊர்ச் சண்டையிலை நடந்த கொலையாம். எட்டு வருசம் ஊர் ஊரா ஒளிச்சுத் திரிஞ்சு வந்தனான் அண்ணை. நாளைக்குத் தோத்தால் பிளேன் ஏத்திப்போடுவாங்கள்.

— சன்னக் கணக்குச் சரிதான் பிள்ளை. அது குழலின்ரை அகலம். ஒரு அங்குலத்தை நூறாப் பிரிச்சால் அதிலை இருபத்திரண்டு பங்கு. சின்னவிரல் நகத்தளவும் வராது. போன நூற்றாண்டிலை வெள்ளைக்காரர் வீட்டு ஹோலுக்குள்ளை மட்டையைச் சுட்டு விளையாட எண்டு துடங்கின தோட்டா. பிறகு கொஞ்சம் நீட்டி, முயல் சுட வைச்சவங்கள்.

— விளையாட்டுச் சாமான்.

— ஓம், விளையாட்டுச் சாமான்தான்.

— நல்ல விளையாட்டு. என்ரை தாலி போச்சு.

— நான் அப்பிடிச் சொல்லேல்லை பிள்ளை.

— வெம்பிளியிலை துவக்கைப் பற்றி விளங்கின தமிழன் வேறை ஆர் இருக்கினம்? ஊர் ரைபிள் கிளப்பிலை கப் வாங்கின மனுசன் நீங்கள். சொல்லுங்கோ, அவரைச் சுட வான் வண்டியிலை வந்தவன் ஒருக்காலும் துவக்கை இழுத்துப் பூட்டேல்லை. சுட்டுக்கொண்டே இருந்தான். அது எப்பிடி?

— செமி ஓட்டோமற்றிக். விசையை ஒருக்கா அமத்தினால் ஒரு வெடி. அந்த வெடியின்ரை வேகமே வெறுங்கோதை வெளியிலை தள்ளிப்போட்டு அடுத்த தோட்டாவை ஏத்திவிடும். பத்துத் தோட்டா கொள்ளும். தோட்டாப் பெட்டி வெளியிலை துருத்திக்கொண்டு நிக்காது, மரத்துக்குள்ளை அடங்கியிருக்கும். பாத்தால் சின்னப்பிள்ளையின்ரை சாமான் மாதிரி.

— ஆறு வெடி அவருக்கு. ஏழாவதுக்கு என்ரை பக்கம் திருப்பினான். வெடிக்கேல்லை.

— கோது சிக்கியிருக்கும். வலப்பக்கத்திலை உள்ளங்கையாலை ரண்டு தட்டுத் தட்டினால்தான் விழும்.

— தட்டினவன். வலப்பக்கத்திலை, ரண்டு தரம். அதுக்குள்ளை நான் மதில் பாய்ஞ்சிட்டன். ஏன் அண்ணை, எல்லாத் துவக்குக்கும் அந்தக் கோது சிக்கிற வருத்தமோ?

— ஏன் கேக்கிறாய்?

— எங்கடை ஊரிலை அப்பிடித் துவக்கு எத்தினை இருந்தது?

— ஒண்டுதான். என்ரை. அதை இயக்கப் பொடியள் பறிச்சுக்கொண்டு போட்டாங்கள். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே.

— எண்பத்தஞ்சு பங்குனியிலை, லைசென்ஸ் துவக்கெல்லாத்தையும் பொலிசிலை ஒப்படைக்கச் சொல்லி லவுட்ஸ்பீக்கர் கட்டிக் கத்தினவங்கள். நீங்கள் அதைச் சாக்காலை சுத்தி, சைக்கிள் பாரிலை கட்டிக்கொண்டு பொலிசுக்குப் போறதை நான் படலையடியிலை நிண்டு பாத்தனான். அடுத்த மாசம் அவரைச் சுட்டவங்கள்.

— மெல்லக் கதை பிள்ளை. பக்கத்து வீட்டிலையும் எங்கடை ஆக்கள்தான்.

— துவக்கின்ரை நம்பர் போட்டு ரசீதுத் துண்டு தந்திருப்பாங்கள். அந்தத் துண்டு இருந்தால், அது பொலிசுக்குள்ளை கிடந்த துவக்கு எண்டு ஜட்ஜுக்கு விளங்கும். தாங்கோ அண்ணை.

— விசர்க்கதை கதைக்காதை! பொடியள் துவக்கைப் பறிச்சவை, அதுக்காக ஆமி என்னைத் தேடுது எண்டு சொல்லித்தான் எனக்கு விசா வந்தது. உண்மை மட்டும் போதாது எண்டு ஏஜென்சிக்காரன் எழுதித் தந்த கதை. நான் மட்டுமே? வந்த எல்லாரும் அப்பிடித்தானே சொன்னனாங்கள்! இப்ப மாத்திச் சொன்னால் நானும் தவநாயகியும் ரண்டு பிள்ளையளும் நடுறோட்டிலை நிக்கிறதோ?

— நீங்கள் சொன்ன பொய்க்கு இருக்க வீடு கிடைச்சிட்டுது. நான் சொல்லுற உண்மையை ஒருத்தரும் நம்புறாங்களில்லை. ராஜேந்திரன் உங்களோடை ஒண்டாப் படிச்சவர் அண்ணை.

— தெரியும். அந்தச் சன்னம் என்ன சைஸ் எண்டு அப்பவே ஊரிலை கேள்விப்பட்ட நாளிலை இருந்து எனக்கு ஒழுங்கா நித்திரை இல்லை. ஆனால் துண்டு இல்லை பிள்ளை. விசா வந்த அண்டைக்கே எரிச்சுப்போட்டன்.

— அந்த முருகன் படத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— முருகனறிய எரிச்சுப்போட்டன். போதுமே?

— போதும். அப்ப நான் வெளிக்கிடுறன். அக்கா காத்துக்கொண்டிருப்பா.

— எந்த அக்கா?

— தவநாயகி அக்கா.

— அவ கோயிலிலையெல்லோ?

— இல்லை அண்ணை, என்ரை லோயரிட்டை இருக்கிறா, முருகன் படத்துக்குப் பின்னாலை நீங்கள் ஒளிச்சு வைச்ச துண்டோடை. நீங்கள் ‘தாறன்’ எண்டு ஒரு வார்த்தை சொன்னால் உங்களையும் கூட்டிக்கொண்டு வா எண்டவ, அதுக்குத்தான் இவ்வளவு நேரமும் இதிலை இருந்தனான்.