இக்னேசியஸ் மாஸ்ரரின் கல்லறைப் பளிங்கு

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நினைவுக் குழுத் தலைவர் அன்ட்ரூ அண்ணை அவர்களே, மாஸ்ரரின் துணைவியார் செரீனா அன்ரி அவர்களே, வேலை முடித்த களைப்போடு மார்க்கம் நகரிலிருந்தும் ரூஜ் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, மக்டலீனின் வணக்கம்.

பளிங்குச் சிற்பி இக்னேசியஸ் மாஸ்ரர் மறைந்துவிட்டார். எனக்கு முன் பேசிய எல்லாரும் அவருடைய உளியைப் புகழ்ந்தீர்கள். எந்த உளியை? எங்கள் பட்டறையில் மாஸ்ரர் உளி பிடித்து நான் கண்டது ஒரே ஒரு தரம்தான்.

களிமண்ணில் அவர் ராசா. அதை எங்கேயும் சொல்லுவேன். பழைய கிரேக்கச் சிலைகளில் இருப்பது போல ஒரு உடுப்பு மடிப்பை அவர் விரலால் இழுத்துவிட்டால், பார்த்துக்கொண்டே நிற்கலாம். அந்தக் களிமண்ணைப் பிளாஸ்ரரில் வார்த்து, அளந்து, பளிங்கில் வெட்டினது நான். "இத்தாலியில் பெரிய சிற்பிகளும் இப்பிடித்தான் பிள்ளை, நீ என்ர கை" என்பார். ஓம், அங்கேயும் அப்பிடித்தான். ஆனால் அந்தக் கைக்கு ஒரு பேர் இருக்கெண்டு அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே, ஏன்?

அந்த ஒரு தரத்தைச் சொல்லுறன். எனக்குப் பின்னால் தொங்குகிற படத்தைப் பாருங்கோ. உளியோடு மாஸ்ரர், முன்னால் தேவாலயத்துக்குச் செய்த சம்மனசு, அந்தச் செட்டை விரித்த தேவதூதன். நான் மினுக்கி முடித்த புடைப்புச் சிற்பம் அது. படம் எடுக்க வந்தவர், "சும்மா ஒருக்கா தட்டுங்கோ" என்றார். மனுசன் உண்மையாகவே தட்டினார். சம்மனசின் மூக்கு பறந்தது.

புடைப்புச் சிற்பத்தில் மூக்குப் போனால் போனதுதான். புது மூக்கு எடுக்க, முகம், செட்டை, பின்தளம் எல்லாவற்றையும் சேர்த்து ஆழமாக வெட்டி இறக்க வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து இறக்கினன். முகம் தட்டையாய், பனிப்புகாருக்குள்ளால் தெரிகிற மாதிரி வந்தது. திறப்பு விழாவில் அன்ட்ரூ அண்ணை அதற்கு என்ன பேர் வைத்தார்? "மாஸ்ரரின் பிற்கால மென்மை." விருதும் அதற்குத்தான் கொடுத்தீர்கள். மாஸ்ரர் மாலையோடு நின்று சிரித்தார்.

மாஸ்ரர் தன் கல்லறைக்கென்று தன் முகத்தையே களிமண்ணில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடக்கம் முடிந்த அடுத்த நாளே அன்ட்ரூ அண்ணை போன் எடுத்தார். "இதைப் பளிங்கில வெட்டித் தாங்கோ பிள்ளை. கீழ, 'இக்னேசியஸ் தன் கையால் செதுக்கியது' எண்டு மட்டும் போடுங்கோ." செத்த மனுசன் எப்பிடி அண்ணை செதுக்குவார்?

ஆகவே இந்தச் சபை அறிய உறுதி தருகிறேன். மாஸ்ரரின் பணியை நான் தொடருவேன். கல் என்ர கராஜுக்குள்ள நிக்குது. பெயரைக் கடைசியில் வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். இந்தக் கல்லில் முதலிலேயே வெட்டிவிட்டன்: "களிமண் இக்னேசியஸ், பளிங்கு மக்டலீன்." நல்ல ஆழமாய் வெட்டியிருக்கிறன். அதை அழிக்க வேணுமெண்டால் முழுக் கல்லையும் இறக்க வேணும் அண்ணை. இறக்கத் தெரிஞ்ச ஆள் உங்களிட்ட நான் ஒருத்திதான்.

மாஸ்ரரின் முகம் இன்னும் கல்லுக்குள்ளதான் கிடக்கு. அந்த எழுத்துக்கு ஓம் எண்டு இந்த மேடையிலயே சொல்லுங்கோ, வெளியில எடுத்துத் தாறன்.