ஊமைப் படத்துல மோளச் சத்தம்

தனகோடி: இப்ப இன்னா பண்றான்?

நவநீதன்: பெட்டியில படுத்துக்கினு கீறான்.

தனகோடி: செத்தவன்தானே?

நவநீதன்: செத்தவன்தான். ஆனா தலைய தூக்கி எட்டிப் பாக்குறான்.

தனகோடி: அப்ப சாவலயா?

நவநீதன்: சாவல. செத்த மாரி நடிக்கிறான்.

தனகோடி: இப்பதான செத்தவன்ன?

நவநீதன்: அங்க இருக்கிறவங்களுக்குச் செத்தவன். நமக்கு உயிரோட கீறான். அதான் காமெடி.

தனகோடி: இன்னா எழவு காமெடியோ... எதுக்கு நடிக்கிறான்?

நவநீதன்: தான் செத்தா யாரு யாரு அழுவாங்கன்னு பாக்கணுமாம்.

தனகோடி: ஒரு சத்தமும் கேக்கலயேயா. சாவு வூட்ல ஒருத்தர்கூடவா கத்த மாட்டாங்க?

நவநீதன்: ஊமைப் படம்மே. நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் எடுத்தது. அப்பல்லாம் படத்துல பேச்சே கெடையாது. வார்டுல போன்ல சத்தம் வெக்காதீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல, அதான் பூர்ணிமா தேடி அனுப்புனா. நீ பாத்து அம்மாவுக்குக் கதை சொல்லுப்பான்னா.

தனகோடி: பலே பொண்ணு. கண்ணக் கட்டிப் போட்டவளுக்கு ஊமைப் படம்.

நவநீதன்: ஏ, ஏ... சிரிக்காத! ஆபரேஷன் ஆன கண்ணு. சிரிக்கக்கூடாது, தும்மக்கூடாது, குனியக்கூடாது...

தனகோடி: அழக்கூடாது.

நவநீதன்: அழவே கூடாது. டாக்டரு ரெண்டு வாட்டி சொன்னாரு.

தனகோடி: மூணு வாட்டி. ஒரு கண்ணு சக்கரையில போயே போச்சு, மிச்சம் இது ஒண்ணுதாம்மா, நாளைக்குக் காலையில கட்டு அவுக்குற வரைக்கும் கெட்டியா இருங்கன்னாரு. நீதான் வெளிய நின்னு போன் பேசிக்கினு இருந்த.

நவநீதன்: கம்பெனியில லீவு சொன்னேன்.

தனகோடி: எனக்கும் சேத்து சொன்னியா? சூப்பர்வைசர் தையல் மிஷின்ல வேற ஆள உக்கார வெச்சிடப் போறான்.

நவநீதன்: சொன்னேன், சொன்னேன். நீ கண்ணோட வா, மிஷின் எங்கயும் ஓடிடாது.

தனகோடி: உன் கொரல் ஏன் ஒரு மாரி கீது?

நவநீதன்: சளி. ஏசி ஜாஸ்தி வெச்சிருக்காங்க.

தனகோடி: சரி... அவன் பெட்டிய சுத்தி யாரு கீறாங்க?

நவநீதன்: ஒரு குண்டன். பெட்டி மேலயே தட்ட வெச்சி சாப்புடுறான். பக்கத்துல ஒரு பொம்பள, கர்சீப்புல வெங்காயத்த மடிச்சி கண்ணுல தேச்சிக்கிறா.

தனகோடி: பொண்டாட்டியா?

நவநீதன்: பக்கத்து வூட்டுக்காரி. பொண்டாட்டி கண்ணாடி பாத்துக்கினு கீறா, கறுப்புத் துணி நல்லா கீதான்னு.

தனகோடி: ஒருத்தருமே அழலயா?

நவநீதன்: நெசமா ஒருத்தரும் அழல. அவனுக்குக் கோவம் வந்து பெட்டிக்குள்ள பல்லக் கடிக்கிறான்.

தனகோடி: அழலன்னா பாசம் இல்லன்னு ஆய்டுமா? அழ முடியாத நெலமையில யாராச்சும் இருக்கலாம்ல.

நவநீதன்: அதெல்லாம் அந்தக் காலத்துல... இரு, போன் வருது... இல்ல, ஒண்ணுமில்ல. நான் செத்த வெளிய போய்ட்டு...

தனகோடி: எங்க எழுந்திருக்கிற? உக்காரு. கதை பாதியில நிக்கிது.

நவநீதன்: ரெண்டே நிமிசம் தனம்.

தனகோடி: சட்டைய வுட மாட்டேன். கண்ணு தெரியாதவள தனியா வுட்டுட்டுப் போவியா? இங்கயே பாரு.

நவநீதன்: சரி... சரி, இழுக்காத. பட்டன் பிஞ்சிடும்.

போன்: அண்ணா... அண்ணா, வீடியோவுல தெரியுதா? 

தனகோடி: யாரது?

நவநீதன்: விளம்பரம். படத்துக்கு நடுவுல வுடுறான்.

தனகோடி: உன் தங்கச்சி சோபனா கொரலாட்டம் கீது.

நவநீதன்: விளம்பரத்துல எல்லாப் பொம்பளைங்க கொரலும் அப்டித்தான் கீது.

தனகோடி: மோளம் அடிக்கிதே?

நவநீதன்: எங்க?

தனகோடி: உன் மடியில.

நவநீதன்: அது... கீழ ரோட்டுல.

தனகோடி: மூணாவது மாடிக்குக் கேக்குதா? சாவு மோளம்யா அது.

நவநீதன்: ஆமா, சாவு மோளந்தான். இன்சூரன்ஸ் விளம்பரம்.

தனகோடி: ஓ.

நவநீதன்: சத்தத்த கொறச்சிட்டேன். படம் வந்துடுச்சு.

தனகோடி: இப்ப இன்னா பண்றாங்க?

நவநீதன்: பந்தல் போட்டிருக்காங்க. சேரு போட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க. பாடை ரெடியா கீது.

தனகோடி: பாடையா? பெட்டின்னியே.

நவநீதன்: பெட்டி... பெட்டி ஒடஞ்சிபோச்சு. அந்த குண்டன் மேல உக்காந்தான்ல.

தனகோடி: வெள்ளைக்காரனுக்குப் பாடை கட்டத் தெரியுமா?

நவநீதன்: நூறு வருசத்துக்கு முந்தி எல்லா ஊர்லயும் பாடைதான்.

அம்பரீன்: அம்மா, சொட்டு மருந்து போடணும், அப்டியே சாஞ்சிக்குங்க...

நவநீதன்: அப்புறம் பாரு, பாடையில பூ கட்டுறாங்க. குளிப்பாட்டி வேட்டி மாத்திட்டாங்க...

அம்பரீன்: அங்கிள்! சொல்லிட்டீங்களா? நாளைக்கு வரைக்கும் வேணான்னு நீங்கதான...

நவநீதன்: படம் சிஸ்டர்! படம்! ஊமைப் படம்!

அம்பரீன்: என்ன படம்?

நவநீதன்: செத்தவன் எழுந்திரிக்கிற படம். காமெடி.

அம்பரீன்: காமெடியா... அல்லா. நான் பயந்தே போய்ட்டேன்.

தனகோடி: எத சொல்லிட்டாரான்னு கேட்டம்மா?

அம்பரீன்: அது... வந்து...

நவநீதன்: க்ளைமாக்ஸ். சிஸ்டர் பாதிதான் பாத்திருக்காங்க. சொல்லிடாதீங்கன்னாங்க.

அம்பரீன்: ஆமாம்மா. நான் பாதிதான்... அங்கிள், கொஞ்சம் வேற நல்ல படமா வெக்கக்கூடாதா? இந்த ஓரத்த மட்டும் தூக்குறேன்மா. அசையாதீங்க. ஒண்ணு... ரெண்டு. அழலியே?

தனகோடி: காமெடிப் படத்துக்கு யாராச்சும் அழுவாங்களா?

அம்பரீன்: கண்ணு நல்லா கீதும்மா. சுத்தமா கீது. இப்டியே இருங்க. அங்கிள்... ஒரு அஞ்சு நிமிசம் வெளிய வர்றீங்களா?

தனகோடி: அவரு வர மாட்டாரும்மா. படம் முடியட்டும்.

அம்பரீன்: ...சரிம்மா. எதாச்சும்னா பெல் அடிங்க.

தனகோடி: நல்ல பொண்ணு. வாணியம்பாடியாம். ஒரு சொட்ட கன்னத்துல வுட்டுடுச்சி பாத்தியா?

நவநீதன்: புதுசா சேந்திருக்கும்.

தனகோடி: சொல்லு. கூட்டம் ஜாஸ்தியா?

நவநீதன்: ஜாஸ்திதான். தெரு கொள்ளல. ஒடுகத்தூர் பஸ்ஸே நின்னு போவுது.

தனகோடி: வெள்ளைக்காரன் ஊர்ல ஒடுகத்தூர் பஸ்ஸா?

நவநீதன்: இல்ல... ஒடுகத்தூர் பஸ் மாரி ஒரு பஸ்ஸு.

தனகோடி: நூறு வருசத்துக்கு முந்தி?

நவநீதன்: தனம், நீ இத்தினி கேள்வி கேட்டா எனக்குப் படமே புரியாது. எனக்கே எது எதுன்னு பேஜாரா கீது.

தனகோடி: சரி, கேக்கல. தூக்கறதுக்கு ஆளு கீதா?

நவநீதன்: நாலு பேரு துண்டு கட்டிக்கினு நிக்கிறாங்க. மச்சான்காரன் ஒருத்தன் நிக்கணும். அவன்தான் வரல.

தனகோடி: ஏன் வரல?

நவநீதன்: அவன்... வேற எடத்துல மாட்டிக்கினான். நகர முடியல அவனால.

தனகோடி: பாவம். அந்தச் செத்தவனுக்கு அக்கா யாராச்சும்?

நவநீதன்: ...இருக்கா. ஒருத்தி.

தனகோடி: வந்தாளா?

நவநீதன்: இல்ல.

தனகோடி: தம்பி சாவுக்கு வராம இன்னா பண்றாளாம்?

நவநீதன்: அது படத்துல வரலம்மே. ஊமைப் படம்தானே, எல்லாத்தயும் எங்க சொல்றான்...

தனகோடி: அவன்தான் எழுந்திரிப்பான்ல. அக்கா வரலன்னு தெரிஞ்சிக்கட்டும். எழுந்து ரெண்டு திட்டு திட்டட்டும்.

நவநீதன்: ம்.

தனகோடி: எழுந்திரிக்கிறானா?

நவநீதன்: இன்னும் இல்ல.

தனகோடி: காமெடின்ன.

நவநீதன்: ...காமெடிதான். லேட்டா எழுந்திரிப்பான்.

தனகோடி: யோவ், என் கை மேல தண்ணி சொட்டுது.

நவநீதன்: பாட்டில் மூடி லூசா கீது.

தனகோடி: வெந்நியா?

நவநீதன்: ஆமா. வெந்நி.

போன்: பாக்காதவங்க யாராச்சும் இருந்தா வந்து பாத்துக்குங்கப்பா... மூஞ்சிய மூடப் போறோம்... நேரமாவுது...

நவநீதன்: அய்யய்யோ, சத்தம் தானா ஏறிடுச்சு. விளம்பரம் தனம், மறுபடியும் அந்த இன்சூரன்ஸ்காரன்... நிறுத்திடறேன்...

தனகோடி: நிறுத்தாத.

நவநீதன்: சார்ஜும் இல்ல...

தனகோடி: நிறுத்தாதன்றேன்ல. காலையில நீ டீ வாங்கப் போனப்ப போன் அடிச்சுது. தடவி எடுத்து காதுல வெச்சேன். நீதான் எடுத்தன்னு நெனச்சிக்கினு பூர்ணிமா படபடன்னு சொல்றா... "அப்பா, செந்தில் மாமாவ மூணு மணிக்கு எடுக்குறாங்களாம், அம்மாக்குத் தெரிய வேணாம், அழுதுடும்"னு. நான் வாயத் தொறக்கல. வெச்சிட்டேன்.

நவநீதன்: ...காலையிலயா? தனம்... அப்ப இவ்ளோ நேரமா நீ...

தனகோடி: அவங்க மூஞ்சிய மூடறதுக்குள்ள பாரு. போன கிட்டக்க புடி. எந்தம்பி மூஞ்சி எப்டிக் கீது? நெத்தியில காசு ஒட்டியிருக்காங்களா? வாயி மூடிக் கீதா, சிரிச்சாப்ல கீதா? மெதுவா, ஒண்ணொண்ணா சொல்லுயா... நாளைக்குக் கட்ட அவுத்தப்புறம் அழுதுக்குறேன், இப்ப பாத்துக்குறேன்.